அரண்மனைக் கல்லுக்குக் கண் திறந்த நாள்

ஐயா,

சுடலைமுத்து போய்விட்டான். போன வெள்ளிக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே மூச்சு நின்றுவிட்டது. இலஞ்சிக்குப் போய் இருக்க வேண்டிய நேரம் இருந்துவிட்டு வந்து, மறுநாள் இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதிய இரண்டு தாளையும் அடுப்பில் போட்டுவிட்டேன். அவற்றில் என்னைப் பற்றி நல்லதாகவே எழுதியிருந்தேன். இன்றைக்குத்தான் மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நீ பம்பாய்க்கு ரயில் ஏறுவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். கப்பலில் ஏறிய பிறகு கிடைத்தால் படித்து வருத்தப்பட மட்டும்தான் உதவும், காரியத்துக்கு உதவாது. உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் விடாமல் எழுதப்போகிறேன். இதையெல்லாம் எனக்கே ஏன் சொல்கிறாள் என்று அலுத்துக்கொள்ளாதே. இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. கமலத்துக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு. பிறகு பத்திரமாக வை, செண்பகம் பெரியவளாகி அவளும் படிக்கட்டும். போன மாதம் உன் கடிதத்தின் அடியில் "ஆச்சிக்கு" என்று கோணல் மாணலாக எழுதியிருந்தாளே, நாலு வயதில் அந்த எழுத்து யாருக்கு வரும்? அதைப் பார்க்காதவர்கள் குற்றாலத்தில் மிச்சம் இல்லை. தபால்காரரிடம் இரண்டாம் தடவை நீட்டினபோது, "ஆச்சி, இதைக் கொண்டாந்து குடுத்ததே நான்தானே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவளுக்காகத்தான் முதலில் இருந்து சொல்கிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும். பதினெட்டு வயதில் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு குற்றாலத்து அரண்மனைக்கு வந்தேன். ராஜா குடும்பத்துக்கு ஊர் வேறு. இங்கே இருப்பது சாரல் காலத்துக்கு வந்து தங்கிப் போகிற அரண்மனை. ஆனியில் வருவார்கள், ஆவணி முடியக் கிளம்புவார்கள். எனக்கு அடுக்களையிலும், அரிசி பருப்பு வைக்கிற உக்கிராணத்திலும் வேலை. உன் அப்பாவுக்கு அருவியில் தண்ணீர் பார்க்கிற வேலை. ராணிமார் குளிக்கப் போவதற்கு முன்னால் அவர் போய், மலைமேல் மேகம் எப்படி இருக்கிறது, தண்ணீர் கலங்கி வருகிறதா, நிற்கலாமா கூடாதா என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். அரண்மனையின் பின்கட்டில் நமக்கு ஒரு அறையும் தாழ்வாரமும் கொடுத்திருந்தார்கள். அதில்தான் நீ பிறந்தாய்.

உனக்கு ஆறு வயதில் ஒரு ஆடி மாதம். காலையில் தண்ணீர் பார்க்கப் போனவர், இன்று யாரும் வர வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அவர் வரவில்லை. மலைக்கு மேலே பெய்த மழை அப்படி வந்திருக்கிறது. நாலு பேர் தேடிப் போய்க் கீழே பாறை இடுக்கில் இருந்து எடுத்து வந்து, யானை இல்லாமல் சும்மா கிடந்த யானைக்கொட்டிலில் கிடத்தினார்கள். அந்த நாலு பேரில் சுடலைமுத்து ஒருத்தன். தெருத் தெருவாக "அம்மி கொத்தலையோ, ஆட்டுரல் கொத்தலையோ" என்று கூவிக்கொண்டு போகிறவன், அன்றைக்கு அரண்மனை அடுக்களையில் அம்மி கொத்த வந்திருந்தான்.

அரண்மனைக்குள் ஒப்பாரிச் சத்தம் கேட்கக் கூடாது. எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் ராஜா தங்கியிருக்கும்போது எந்தச் சாவுக்கும் அங்கே யாரும் வாய்விட்டு அழுததில்லை. மதில் சுவருக்கு வெளியே கொண்டுபோன பிறகுதான் அழலாம். காரியஸ்தர் தள்ளி நின்று, "தாயி, உள்ள பந்தி நடக்கு. கொஞ்சம் பொறுத்துக்கிடணும்" என்றார். நான் உக்கிராணத்துச் சாவியைத் தரையில் வைத்தேன். கொட்டிலுக்குப் போய் ஒருதரம் பார்த்தேன். பிறகு நம்முடைய அறையில் சுவரைப் பார்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நீ பின்னால் வந்து முதுகில் கை வைத்து "எம்மா" என்றாய். நான் திரும்பவில்லை. திரும்பி உன் முகத்தைப் பார்த்தால் சத்தம் வந்துவிடும். வந்தால், பொறுக்கத் தெரியாதவள் என்று பந்தியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எனக்கு அந்த வயதிலேயே அவ்வளவு கர்வம். நீ எவ்வளவு நேரம் அங்கே நின்றாய் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீ கரித்துண்டால் பின்கட்டுச் சுவரையெல்லாம் கறுப்பாக்கினாய். மெட்ராஸில் கலை படிக்கப் போனாய். சிலை செய்யப் படிக்கிறான் என்று நான் சொன்னால், எந்தக் கோவிலுக்கு என்று கேட்டார்கள். கோவிலுக்கு இல்லை என்றால், பிறகு எதற்கு என்றார்கள். எனக்கும் பதில் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரியே முகத்தை வைத்துக்கொள்வேன். கமலத்தைக் கல்யாணம் செய்துகொண்டு நீ திரும்பி வந்தபோது ராஜ்ஜியமெல்லாம் போய், அரண்மனை பூட்டிக் கிடந்தது. உன்னோடு சின்னதில் கோலி விளையாடின சின்ன ராஜா, நீ கேட்டதும் சரி என்றார். தர்பார் மண்டபத்தில் உன் சிலைகளையெல்லாம் வைத்து, சாரலுக்கு வருகிற ஜனங்கள் வந்து பார்க்கட்டும் என்றாய்.

காரியஸ்தருக்குத் தூக்கம் போயிற்று. "தர்பாருக்குள்ள வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாவையும் கல்லையும் கொண்டாந்து போட்டா, மேல படத்துல இருக்கிற பெரிய ராஜாக்கமாரு என்ன நினைப்பாங்க?" என்று கேட்டார்.

"அவுங்களுக்கும் பொழுது போகும்லா அண்ணாச்சி" என்றார் சின்ன ராஜா. "எத்தனை வருசமா எதிர்ச் செவரையே பாத்துக்கிட்டு இருக்காங்க."

கடைசியில் காரியஸ்தர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சிம்மாசனத்துக்கு முதுகைக் காட்டி எதுவும் இருக்கக் கூடாது. நீ அதற்குச் சம்மதித்தாய். அதனால்தான் உன் இரும்பு மாடும், மர மனுஷனும், ஓட்டை விழுந்த மீனும், எல்லாமே ஆள் இல்லாத நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றன. வண்டிப் பட்டாவை வளைத்து நீ செய்த மாட்டைத் தூக்கி வந்தவர்கள் பேசினது இப்போதும் காதில் இருக்கிறது.

"ஏலே, இது என்னது?"

"மாடாம்."

"கொம்பு எங்கன?"

"மெட்ராஸ் மாட்டுக்குக் கொம்பு கிடையாதுலே. பேசாமத் தூக்கு."

எல்லாவற்றிலும் பெரியது அந்தக் கல். யானைக்கொட்டிலில் இடிந்து விழுந்த தூணை எடுத்து, அந்தக் கொட்டிலிலேயே வைத்து ஆறு மாதம் செய்தாய். உனக்குத் துணைக்கு சுடலைமுத்து. அவன் அம்மி கொத்துகிறவன், சுற்றுப்பட்டில் மாடன் கோவில்களுக்கு அவ்வப்போது பீடமும் கல்லும் செய்து கொடுப்பான், அவ்வளவுதான். ஆனால் அவன் கையை நீ மதித்தாய். மெட்ராஸில் இருந்து வாங்கிவந்த நல்ல உளி ஒன்றை அவனுக்கே கொடுத்தாய். கண்காட்சிக்கு அச்சடித்த நோட்டீஸில் கடைசி வரியாக அவன் பெயரைப் போட்டாய். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். "கல் வேலையில் உடன் உழைத்தவர், இலஞ்சி சுடலைமுத்து" என்று வாசித்தேன். "இன்னொரு மட்டம் வாசிங்க யக்கா" என்றான். மூன்று மட்டம் வாசித்தேன். பிறகு அதை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

அந்தக் கல்லில் ஒரு பெண்பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கு இருந்தது. இறுக்கி மூடின வாய் இருந்தது. கண் இருக்க வேண்டிய இடம் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. வேலை முடியவில்லை என்றுதான் நான் நினைத்தேன். கண்ணை எப்போதும் கடைசியில்தானே திறப்பார்கள். மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறபோதும் கண் இல்லை.

கமலத்துக்கு அப்போது ஏழு மாதம் முடிந்து வளையல் போட்டாகிவிட்டது. கண்காட்சி முடிந்ததும் பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. கல் குளிர்ச்சியாக இருக்கிறது என்று பகல் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வெளுக்கத் துணி எடுக்க வந்த இசக்கியம்மாள் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாள்: "யக்கா, வயித்துல உள்ளது தாய் பாக்கிறதைத்தான் பாக்குமாம். கண்ணில்லாத உருவத்தையே மருமவ பாத்துக்கிட்டு இருக்கா. சொல்லிட்டேன், பொறவு என்னைக் கேக்கப்பிடாது." அன்றைக்குச் சோறு எனக்கு இறங்கவில்லை. இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று நீ சொல்வாய். சொல்லு. ஆனால் அந்தப் பயம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

உன்னிடம் வந்தேன். நீ சின்ன ராஜாவோடு நின்று விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஐயா, அதுக்கு ஒரு கண்ணை வச்சிரேன்" என்றேன்.

"அது அப்படித்தாம்மா" என்றாய்.

"மாசமா இருக்கிற புள்ள நாளெல்லாம் அதையே பாக்குது. எனக்கு மனசு கேக்கல."

நீ சின்ன ராஜா பக்கம் திரும்பிச் சிரித்தாய். "எங்கம்மா அஞ்சாங்கிளாஸ். அவளுக்கு இதெல்லாம் எங்க புரியும்" என்றாய்.

நீ அதைப் பிரியமாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். சின்ன ராஜாகூடச் சிரிக்கவில்லை. ஆனால் அந்த அஞ்சாங்கிளாஸை வைத்துத்தான் உனக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தேன். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். ஐயா, கமலத்தை நாலு பேர் முன்னால் ஒருநாளும் அப்படிச் சொல்லாதே. பிரியமாகக்கூடச் சொல்லாதே. வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடு.

மறுநாள் காலையில் திறப்பு. மெட்ராஸில் இருந்து உன் வாத்தியாரும் இங்கிலீஷ் பேப்பர்க்காரர் ஒருவரும் வருகிறார்கள் என்று, சின்ன ராஜாவின் காரில் தென்காசி ஸ்டேஷனுக்குப் போனாய். கமலம் களைத்துப்போய் அறையில் படுத்திருந்தாள். நான் சுடலைமுத்துவைத் தர்பார் மண்டபத்துக்குக் கூப்பிட்டேன். உளியோடு வரச் சொன்னேன்.

விஷயத்தைக் கேட்டதும் பின்னால் நகர்ந்தான். "வேண்டாம்க்கா. தம்பி மறந்து விட்டதுன்னு நினைக்கீங்களா? அந்த இடத்தைத்தான் அது ரொம்ப நாள் தேச்சுது. நான் கூட இருந்து பாத்தவன்."

"என் பேரப்புள்ள கண்ணு எனக்குப் பெருசு. நீ கொத்துதியா, இல்லைன்னா உளியைத் தா, நான் கொத்துதேன்."

"வண்டி வந்துரும்க்கா."

"வண்டி என்னைக்கு நேரத்துக்கு வந்துச்சு?" என்று உளியைப் பிடுங்கப் போனேன்.

அவன் தரவில்லை. நான் கை வைத்தால் கல் பாழாகிவிடும் என்று பயந்திருப்பான். கல்லின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான். மாடனுக்கு வைக்கிற மாதிரி உருட்டி விழிக்கிற கண்ணாக வைப்பான் என்று நினைத்தேன். அவன் அப்படிச் செய்யவில்லை. மேலிமை கனத்து, தரையில் எதையோ பார்க்கிற மாதிரி ஒரு கண். "என்ன சுடலை, தூக்கம் வாரவ மாதிரி இருக்கா" என்றேன். "இந்த மொகத்துக்கு இதுதான்க்கா" என்றான், என் பக்கம் திரும்பாமலே. கல்பொடியை என் முந்தானையால் துடைத்தேன். அப்பாடா என்று இருந்தது. பயம் பாதி, ரோசம் பாதி என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். முழுக்கப் பயம் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கே சொல்லிவந்தேன்.

நீ விருந்தாளிகளோடு உள்ளே வந்தபோது நான் பித்தளைத் தட்டில் காபி டம்ளர்களோடு தூண் பக்கம் நின்றேன். நீ பேசிக்கொண்டே வந்தவன், கல்லைப் பார்த்ததும் நின்றாய். "யாரு?" என்றாய், மெதுவாக. எனக்கு வாய் திறந்தது. அதற்குள் சுடலைமுத்து என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு நாலு அடி முன்னால் வந்தான்.

"நான்தான் தம்பி. கண்ணு விட்டுப்போச்சோன்னு நினைச்சிட்டேன்."

அப்போதாவது நான் பேசியிருக்கலாம். தட்டு கையில் கனத்துக்கொண்டே இருந்தது. வெளியூர்க்காரர்கள் நிற்கிறார்கள், சின்ன ராஜா நிற்கிறார், காரியஸ்தர் நிற்கிறார். அஞ்சாங்கிளாஸ்காரி செய்த வேலையைப் பார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். நீ சத்தம் போடவில்லை. கையை நீட்டி அந்த உளியைத் திருப்பி வாங்கினாய். "இனிமே என் மொகத்துல முழிக்காத" என்றாய். பிறகு மேஜையில் அடுக்கி வைத்திருந்த நோட்டீஸ் ஒவ்வொன்றையும் எடுத்து, சட்டைப் பையில் இருந்த பேனாவால் கடைசி வரியை அடித்தாய். அவன் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தான். உனக்கு அது தெரியாது. நீ அடித்துக்கொண்டிருந்தாய்.

இன்னொன்றும் நடந்ததே, அதையும் எழுத வேண்டும். உன் வாத்தியார் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் முன்னால் நின்று, "மத்ததெல்லாம் நல்லாயிருக்கு. ஆனா இந்தக் கண்ணு, இதை எங்கிருந்து பிடிச்சே?" என்று உன் தோளில் கை போட்டார். நீ பேசாமல் நின்றாய். பேப்பர்க்காரர் அந்த முகத்தைத்தான் படம் பிடித்தார். அந்தப் படம்தான் பேப்பரில் வந்தது, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் டில்லியில் கூப்பிட்டார்கள், அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இப்போது கடல் தாண்டிக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கண்ணை வைத்தது நீ இல்லை என்று இதுவரை யாரிடமாவது சொன்னாயா? எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். நான் பெற்ற பிள்ளை, வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருக்கும்.

அதற்கப்புறம் நீ கல்லை இங்கேயே விட்டுவிட்டுப் போனாய். செண்பகம் பிறந்தாள். தந்தி வந்ததும் நான் கேட்டது பெண்ணா ஆணா என்று இல்லை. கண் எப்படி இருக்கிறது என்று பதில் தந்தி அடிக்கச் சொல்லிக் காரியஸ்தரை அனுப்பினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். குழந்தையின் கண்ணுக்குக் குறை இல்லை. கல்லுக்குக் கண் திறந்ததால்தான் அப்படி என்று நான் சொல்ல மாட்டேன். திறக்காமலே இருந்திருந்தாலும் அப்படித்தான் பிறந்திருப்பாள். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்த பிறகு எனக்குச் சமாதானம் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று.

சுடலைமுத்து எப்போதும்போல் தெருவில் கூவிக்கொண்டு வருவான். நம் அம்மியையும் கொத்தித் தருவான். "தம்பி சொகமா யக்கா?" என்று கேட்பான். சுகம் என்பேன். அவன் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒரு அம்மியை அவன் கொத்தி முடிக்கிற நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன மாதம் அவனுக்கு நெஞ்சில் கல்பொடி அடைத்து எழுந்திருக்க முடியவில்லை என்றார்கள். அவன் பெண்சாதி பேச்சி வந்து, உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாள். போனேன். பக்கத்தில் உட்கார்ந்து, "சுடலை, நான் அவனுக்கு எழுதிச் சொல்லிருதேன். நான்தான் செய்யச் சொன்னேன்னு எழுதிருதேன்" என்றேன்.

"என்னத்துக்குக்கா, தம்பி நல்லாயிருக்குல்லா" என்றான். இருமி முடித்துவிட்டு, "அந்தக் கல்லு நீங்கதான், தெரியுமா?" என்று கேட்டான்.

எனக்கு விளங்கவில்லை.

"கொட்டில்ல வேலை செய்யுதப்ப தம்பி எங்கிட்டச் சொல்லிச்சு. அப்பா செத்த அன்னைக்கு அம்மா செவரைப் பாத்தே உக்காந்திருந்தா, நான் கூப்பிட்டும் திரும்பல, அந்தக் கண்ணை நான் பாக்கவே இல்ல, பாக்காததை எப்படி வைக்க முடியும்னு சொல்லிச்சு. அதனாலதான் அந்த எடத்தை விட்டுது." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "நான் பாத்திருக்கேன்க்கா. கொட்டில்ல அண்ணாச்சியைக் கிடத்துனப்ப நீங்க வந்தீங்கள்லா. நான் தலைமாட்டுல நின்னேன். நீங்க கண்ணு வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினப்ப, மாடன் கண்ணை வைக்க எனக்குக் கை வரல. எனக்குத் தெரிஞ்ச கண்ணை வச்சேன்."

"அதை ஏன்டா அன்னைக்கு அவங்கிட்டச் சொல்லல?"

"தட்டோட நின்னீங்க. நாலு பேரு முன்னால தம்பி உங்களை ஏசியிருந்தா, அந்தக் கண்ணை நான் இன்னொரு மட்டம் பாக்கணும். அது என்னால முடியாதுக்கா."

ஐயா, அந்தக் கண்ணை நீ பார்க்கக் கேட்டிருக்கிறாய், அவன் பார்த்திருக்கிறான், நான் மட்டும் ஒன்றும் அறியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் உளியைப் பிடித்து இழுத்திருக்கிறேன். பார்க்காததை வைக்க மாட்டேன் என்று நீ விட்டாயே, அது எனக்குப் பெருமை. அதைக் குறை என்று நினைத்தேன், மன்னித்துக்கொள். அன்றைக்கு நீ முதுகில் கை வைத்தபோது நான் திரும்பியிருந்தால், அந்தக் கல்லுக்கு நீயே கண் திறந்திருப்பாய். அவன் பெயரை யாரும் அடித்திருக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு, பேச்சி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தாள். மடிப்பெல்லாம் பிய்ந்து நாலு துண்டாகப் போயிருந்தது. "இது என்ன காயிதம்க்கா? தீபாவளிக்கு வேட்டி மாத்துதப்பகூட இதை எடுத்து வச்சிருவாரு" என்றாள். உன் பேனா படாத ஒரே நோட்டீஸ். நான் கடைசி வரியை வாசித்தேன். அவளும் இன்னொரு மட்டம் வாசிக்கச் சொன்னாள்.

கல்லைக் கொண்டுபோகப் பெட்டி அடிக்க நேற்று ஆட்கள் வந்தார்கள். உன்னைக் கூப்பிட்டிருக்கிற ஊரிலும் ஒரு பழைய அரண்மனையில்தான் அதை வைக்கப்போகிறார்கள் என்று சின்ன ராஜா சொன்னார். அங்கேயும் நோட்டீஸ் அடிப்பார்கள். நான் தர்பார் மண்டபத்துக்குள் போய், அவர்கள் வைக்கோல் சுற்றுவதற்கு முன்னால் கல்லுக்கு நேரே தரையில் உட்கார்ந்தேன். அது என் கண்தான். இத்தனை வருஷத்தில் நான் அதை நேராகப் பார்க்கவே இல்லை. அழுகையை உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு தரையில் ஒரு இடத்தையே பார்க்கிற கண். நீ சின்னப் பையனாகப் பின்னால் நின்று பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைப் பிரித்து நன்றாகப் பார்த்துக்கொள். நான் உன்னிடம் அன்றைக்கு மறைத்தது அவ்வளவும் அதில் இருக்கிறது.

பேச்சிக்கு நாலு வரி எழுது. எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அங்கே செண்பகத்துக்குக் குளிர் தாங்காது, காதை மூடி வெளியே அனுப்பு. கமலத்தின் சமையலை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நல்லாயிருக்கிறது என்று சொல்லு.

ஒரு காரியம் செய்திருக்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் விலாசம் எழுத ஆட்கள் தார்ச் சட்டியும் குச்சியும் வைத்திருந்தார்கள். அவர்கள் காபி குடிக்கப் போனபோது, மூடியின் உள்பக்கத்தில் நானே எழுதினேன். திறக்கிறபோது முதலில் கண்ணில் படுவது அதுதான். எழுத்து கோணலாக இருக்கும், அஞ்சாங்கிளாஸ் கை. கல்லுக்கு உன் பெயரையும், கண்ணுக்கு இலஞ்சி சுடலைமுத்துவின் பெயரையும் எழுதியிருக்கிறேன். பேனா உன் சட்டைப் பையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தார் அவ்வளவு லேசில் போகாது.

உன் அம்மா